பலூன் முதலில், படம் பிறகு: மதுரையில் 16 பக்கக் காமிக்ஸ் ஒன்று செய்த விவரம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை வைத்து 16 பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் முடித்து அச்சுக்கும் அனுப்பியாகிவிட்டது. எந்த வேலையை எந்த வரிசையில் செய்தேன், எந்த மென்பொருள் எதற்கு உதவியது, சிவகாசியில் அச்சுத் தகடு (பிளேட்) போடும் வரை என்னென்ன வந்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன். தமிழில் சொந்தமாகக் கதை எழுதி வரைய நினைப்பவர்களுக்கு இது ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் டிஜிட்டல் காமிக்ஸ் பாடம் நிறையவே இருக்கிறது, ஆனால் நான் பார்த்தவற்றில் எதுவும் வசனம் எழுதும் பலூனுக்குள் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நின்றால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் வரைவதாக இருந்தால் வசனத்தைத்தான் முதலில் பக்கத்தில் வைக்க வேண்டும், பென்சிலுக்கும் முன்னால். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் இருக்கிறது. நாம் காமிக்ஸ் படித்து வளர்ந்தது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில். 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் என்று சிவகாசியிலிருந்து வந்த புத்தகங்கள்தான் இங்கே பல பேருக்குப் படக்கதை என்றால் என்ன என்றே காட்டின. அந்தப் படங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் வரையப்பட்டவை, பலூனின் அளவும் அந்தந்த மொழிக்காகப் போடப்பட்டது. அதற்குள் தமிழை அடக்க எழுத்தைச் சிறிதாக்கினார்கள், வசனத்தை இறுக்கினார்கள். அது தனித் திறமை, அந்த வேலையைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நாமே எழுதி நாமே வரையும்போதும் கை பழைய அளவுக்கே போகிறது, பலூன் என்றால் முட்டை வடிவம், கட்டத்தின் மேல் மூலையில் சின்னதாக ஒன்று. அந்த இடத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல்லை வைத்துப் பாருங்கள், 13 எழுத்து, முட்டையின் நடு வரியிலேயே இடிக்கும்.

அகலம் மட்டும் பிரச்சினை இல்லை. ஆங்கிலக் காமிக்ஸ் வழக்கமாக முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், எல்லாம் ஒரே உயரம் என்பதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் 'கீ' மேலே சுழிக்கிறது, 'கூ' கீழே இறங்குகிறது, நடுவில் புள்ளி வேறு. வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல 1.35 மடங்காவது இருந்தால்தான் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் மோதாமல் நிற்கின்றன என்று அச்செடுத்துப் பார்த்து முடிவு செய்தேன். ஆக, அதே வசனத்துக்குத் தமிழில் அகலமும் கூடுதல், உயரமும் கூடுதல். படத்தை வரைந்து முடித்துவிட்டு இந்த இடத்தைத் தேடினால் யாருடைய தலையையாவது மறைக்க வேண்டியிருக்கும்.

கதை சின்னது. தை மாதத்து முதல் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, பனியில் வரத்து குறைந்து மல்லி விலை ஏறிக் கிடக்கிறது, ஒரு கூடைப் பூவை மாட்டுத்தாவணியிலிருந்து தெற்கு மாசி வீதியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய ஒரு பெண், வழியில் நடப்பவை. வசனம் முழுக்க இந்த ஊர்ப் பேச்சு. 'குறைக்க மாட்டாய்ங்க', 'வர்றாய்ங்க' என்று வரும், எழுத்துத் தமிழைவிடக் குறைவான இடத்தில் முடியும், காதுக்கும் சரியாக இருக்கும். விவரிப்புக் கட்டங்களில் மட்டும் எழுத்துத் தமிழ்.

பக்கம் பிரித்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், 16 என்றால் ஒரே தாளின் இரண்டு பக்கமும் எட்டெட்டாக அடித்து மடித்துவிடலாம், செலவு கணக்காக நிற்கும். ஒற்றைப்படைப் பக்கம் வலது கையில் வரும், அதைப் புரட்டினால்தான் இரட்டைப்படைப் பக்கம் தெரியும், அதனால் வாசகர் எதிர்பார்க்காதது எதுவாக இருந்தாலும் இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் வைத்தேன். கூடை கைமாறுவது 8ஆம் பக்கத்தில் வருவது அதனால்தான். இதெல்லாம் நோட்டில் தீப்பெட்டி அளவில் கிறுக்கி முடிவு செய்தது, கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை.

பக்க அளவு 18 க்கு 24 செமீ. நான்கு பக்கமும் 3 மிமீ வெட்டுக்கு விட்டால் 18.6 க்கு 24.6. கறுப்பு வெள்ளைக் கோட்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) போதாது, சாய்ந்த கோடுகள் படிக்கட்டாகத் தெரியும், 600 வைத்தேன். அப்போது பக்கம் 4394 க்கு 5811 பிக்சல். இதை வண்ண முறையில் திறந்தால் ஒரு முழு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) 100 எம்பிக்கு மேல் நினைவகம் போகும், எட்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப் பத்துப் பதினைந்து லேயரில் திணற ஆரம்பித்துவிடும். நான் வரைந்த மென்பொருளான கிரிட்டாவில் புது ஆவணம் திறக்கும்போதே நிற முறையை கிரேஸ்கேல் என்று தேர்ந்தெடுத்தால் அது பாதியாகக் குறைகிறது. கறுப்பு வெள்ளை வேலைக்கு வண்ணம் எதற்கு? பழைய லேப்டாப், திரையில்லாத நடுத்தர அளவு பேனா டேப்லெட் இரண்டையும் வைத்துத்தான் முழுப் புத்தகமும் முடிந்தது. திரை டேப்லெட் வாங்கப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, கையும் கண்ணும் தனித்தனியாகப் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் செய்துகொள்ளுங்கள்: பேனாவின் அழுத்தக் கோட்டை உங்கள் கைக்கு ஏற்ப அமைப்புகளில் மாற்றுங்கள். நான் பலமாக அழுத்துகிற ஆள், கடைசியில்தான் கோடு தடிக்கிற மாதிரி வளைவைக் கீழே இழுத்தபிறகுதான் மணிக்கட்டு வலி குறைந்தது.

இனி எழுத்து. வசனத்தை இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் தட்டினேன். அது தமிழை ஒழுங்காகக் கோக்கிறது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கின்றன, 'கொ' இரண்டு பக்கமும் சரியாக அணைக்கிறது. கணினியில் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் கொம்பு நினைவகத்தில் எழுத்துக்குப் பிறகுதான் இருக்கும், திரையில் அதை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு, அந்த வேலையைச் செய்யாத மென்பொருளில்தான் எழுத்து உடைந்து தெரிகிறது. கிரிட்டா 2023இல் வந்த 5.2 பதிப்பில் எழுத்தைக் கோக்கும் பகுதியை மாற்றி எழுதிவிட்டார்கள், அதிலும் இப்போது தமிழ் சரியாக வருகிறது, ஆனால் பலூன் பலூனாக நகர்த்திச் சரிபார்க்க எனக்கு இங்க்ஸ்கேப்தான் வசதி. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் வேலை செய்பவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் தமிழ் தட்ட வேண்டாம்.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றை வரிசையாக அச்செடுத்துப் பார்த்தேன். கவிவாணர் கையெழுத்துப் போல் சாய்ந்து அழகாக இருக்கிறது, பேச்சுக்குப் பொருந்துகிறது, ஆனால் எழுத்தின் அளவு 9 புள்ளிக்கு (பாயிண்ட்) கீழே போனால் மெலிந்துவிடுகிறது. பாலூ தம்பி தடித்தது, கத்துகிற வசனத்துக்கு. விவரிப்புக்கு முக்தா மலர். மூன்றுமே திறந்த உரிமத்தில் வருபவை, புத்தகத்தில் அச்சிட்டு விற்கத் தடையில்லை. பேச்சு எழுத்தின் அளவை 9.5 புள்ளியில் நிறுத்தினேன்.

சொல்லை உடைப்பதில் எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. விகுதி சேருகிற இடத்தில் உடைக்கலாம், வேர்ச்சொல்லுக்கு நடுவில் கூடாது. ஒரு பலூனில் ஒரு சொல்லுக்கு மேல் உடையுமானால் பலூனை அகலமாக்கு, அப்படியும் முடியாவிட்டால் வசனத்தைக் குறை. முட்டை வடிவத்தைக் கிட்டத்தட்ட விட்டேவிட்டேன், மூலை வளைந்த செவ்வகம்தான் தமிழ் வரிகளுக்கு ஏற்றது, முட்டையில் நான்கு மூலையும் வீணாகிறது, இதில் வரி முழு அகலமும் ஓடுகிறது. இப்படி 16 பக்கத்துக்கும் வெறும் பலூன்களை மட்டும் வைத்து, படமே இல்லாமல் அச்செடுத்து வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொன்னேன். எந்த பலூனுக்கு அடுத்து எது என்று விரல் தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு நகர்த்தினேன். கதை பலூனில் மட்டுமே ஓடினால் படத்துக்கு வேலை இல்லை என்பதும் அப்போது தெரிந்துவிடும், அங்கெல்லாம் வசனத்தை வெட்டினேன்.

பிறகு அந்த பலூன் பக்கத்தை பிஎன்ஜியாக எடுத்து கிரிட்டாவில் மேல் லேயராக வைத்துப் பூட்டிவிட்டு, அதற்குக் கீழே வெளிர் நீலத்தில் பென்சில். (கிரேஸ்கேலில் நீலம் கிடையாது, லேயரின் ஒளிபுகும் அளவைக் குறைத்து வெளிர் சாம்பலாக வைத்தேன், பழக்கத்தில் நீலம் என்கிறேன்.)

நான் படம் போடுவதைத் தொழிலாகக் கற்றது சினிமா பேனர் வரைந்த ஒரு மாஸ்டரிடம். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். சின்ன ஸ்டில்லைக் கட்டம் போட்டு நாற்பதடிக்குப் பெரிதாக்குவது, முகத்தில் எது நிழல் எது வெளிச்சம் என்று இரண்டாகவே பிரிப்பது, இதைத்தான் முதலில் பழக்குவார். "கறுப்பு எங்கன்னு முதல்ல முடிவு பண்ணுடா, மத்தது தானா வரும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார், தெருக்கோடியில் நின்று பார்ப்பவனுக்கு நடுச்சாயல் எதுவும் தெரியாது, கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும். காமிக்ஸ் பக்கத்துக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் படிக்கவில்லை. பென்சில் முடிந்ததும் கோடு போடுவதற்கு முன்னால் தனி லேயரில் பெரிய தூரிகையால் கறுப்பை மட்டும் அப்பி, பக்கத்தை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அந்த அளவிலும் கண் எங்கே போக வேண்டுமோ அங்கே போனால்தான் அடுத்த வேலை. பலூன் எல்லாம் வெள்ளைத் திட்டுகள் என்பதால் அவையும் இந்தக் கணக்கில் சேரும், முதலிலேயே வைத்திருந்ததால் அந்த வெள்ளைக்கு எதிராகக் கறுப்பை எங்கே நிறுத்துவது என்பது எளிதாக இருந்தது.

மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்னால் போய் நோட்டில் வரைந்தேன். மொபைலில் எடுத்த படங்கள் சரக்கின் விவரத்துக்கு உதவின, தராசு, சாக்கு, கட்டுகிற நார், விளக்கின் உயரம் என்று. ஆனால் மனிதர்கள் குனிவதும் தூக்குவதும் நோட்டில்தான் சரியாக வந்தது. "தம்பி, படம் வரையிறேன்னு வழியில நிக்காத, மூட்டை வருது பாரு" என்று ஒரு பூக்காரம்மா விரட்டினார்கள், பிறகு அவர்களே ஓரமாக ஒரு இடம் காட்டி உட்காரச் சொன்னார்கள். அவர்கள் கை மொக்கை அள்ளுகிற விதம் 3ஆம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

இந்தப் புத்தகத்தில் நான் அதிகம் மல்லுக்கட்டியது மல்லியோடுதான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வடிவம், இதழ் தடித்து மொக்கு உருண்டு இருக்கும், தப்பாக வரைந்தால் மதுரைக்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதைக் கூடை கூடையாக, குவியல் குவியலாகக் கறுப்பு வெள்ளையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு மொக்காக வரைந்தால் பக்கம் முடியாது. முதலில் பன்னிரண்டு விதமாக மொக்கை வரைந்து, கிரிட்டாவில் அசையும் தூரிகை முனையாகச் சேமித்து, ஒவ்வொரு முறை பதியும்போதும் வடிவமும் சுழற்சியும் தற்செயலாக மாறுமாறு அமைத்தேன். இழுத்தால் பூ கொட்டுகிறது, பார்க்க சந்தோஷமாக இருந்தது, ஆனால் குவியல் முழுக்க ஒரே அடர்த்தியில் துணியில் அச்சடித்த டிசைன் மாதிரி தட்டையாகக் கிடந்தது. குவியலுக்கு உருவம் கொடுப்பது அதன் ஓரமும் நிழல் பக்கமும்தான். அதனால் வெளிச்சம் படும் மேல் பகுதியை வெறும் வெள்ளையாக விட்டு, அங்கங்கே நாலைந்து மொக்கை மட்டும் கையால் வரைந்தேன். நிழல் விழும் கீழ்ப்பக்கத்தில் தூரிகையை ஓட்டி, அதன் மேல் கறுப்பை வைத்து இடுக்குகளை அடைத்தேன். ஓரம் முழுக்கக் கைக்கோடு. இந்த மூன்றும் சேர்ந்ததும் கூடை நிறைந்துவிட்டது, தூரிகை செய்த பங்கு மொத்தத்தில் கால்வாசிகூட இருக்காது.

தெற்கு மாசி வீதிப் பக்கங்களில் கோபுரம். தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, இரண்டு மாடி வீடு இருபத்தைந்து அடி. கோபுரம் நிற்கும் இடத்திலேயே ஒரு வீட்டை லேசாக வரைந்து அதை ஏழு மடங்கு அடுக்கி உயரத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு அந்த வீட்டை அழித்தேன். தூரத்தில் கோடுகள் கூடும் இடத்துக்கு இழுத்துச் செல்லும் கிரிட்டாவின் மறையும் புள்ளி உதவிக்கோடு தெருவின் கூரை வரிசைக்குப் போதும், சிற்பங்களை நிழல் உருவமாக மட்டும் விட்டேன்.

சாம்பல் நிழலுக்கு ஸ்கிரீன்டோன், அதாவது தூரத்தில் சாம்பலாகத் தெரியும் கறுப்புப் புள்ளி வரிசை. கிரிட்டாவில் இதை நிரப்பும் லேயராகப் போடலாம், புள்ளியின் நெருக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எங்கே வர வேண்டும் என்பதை அந்த லேயரின் மறைப்பில் (மாஸ்க்) வரைந்தால் போதும். அங்குலத்துக்கு 60 புள்ளி வரிசை வைத்தேன், 600 டிபிஐயில் ஒரு புள்ளிக்குச் சரியாகப் பத்துப் பிக்சல்.

இனி அச்சு. முதலில் மாதிரி எடுத்த ஓர் அச்சகத்தில் இந்த நிழல் பகுதிகள் எல்லாம் பட்டுப்புடவை போல் அலை அலையாக வந்தன. அங்கே பக்கங்களை வாங்கி அவர்கள் வழக்கப்படி பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள். அச்சுத் தரத்துக்கென்று இருக்கும் வழக்கமான பிடிஎஃப் அமைப்பு 450 டிபிஐக்கு மேல் உள்ள சாம்பல் படங்களை 300க்குக் குறைத்துவிடும், பத்துப் பிக்சல் புள்ளி ஐந்தாகி விளிம்பு மங்கும், அந்த மங்கலான புள்ளியை இயந்திரம் தன் புள்ளியால் மறுபடி உடைக்கும், இரண்டும் மோதி அலை வரும். வழி என்னவென்றால் பக்கத்தைச் சுத்தமான கறுப்பு அல்லது வெள்ளை மட்டும் உள்ள ஒரு பிட் டிஃப் கோப்பாக மாற்றுவது. அந்த வகைப் படத்துக்கு அதே அமைப்பில் வரம்பு 1800, அதனால் 600ஐத் தொடாது. அதோடு, அளவை மாற்றாதீர்கள் என்று எழுதியும் கொடுத்தேன். அடுத்த மாதிரியில் அலை போய்விட்டது.

எழுத்திலும் ஒன்று. தமிழ் டிடிபி (கணினியில் அச்சுக்குப் பக்கம் அமைப்பது) பல காலம் ஸ்ரீலிபி, பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய குறியீட்டு எழுத்துருக்களில் ஓடியது, இன்றும் பல மேசைகளில் அதுதான். "அண்ணே, இந்த ஃபாண்ட் நம்மகிட்ட இல்ல, கட்டம் கட்டமா வருது, கர்வ் பண்ணிக் குடுத்துருங்க" என்று ஆபரேட்டர் தம்பி சொன்னது நியாயம். கர்வ் ஆக்கினால் எழுத்து எழுத்தாக இருக்காது, வெறும் வடிவம், எங்கே திறந்தாலும் உடையாது. தட்டின மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, நகலைத்தான் கர்வ் ஆக்க வேண்டும். இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப்பில் கறுப்பு திரைக்கான மூன்று நிற ஒளிக் கறுப்பாக இருக்கும், ஸ்கிரைபஸ் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் பக்கங்களைச் சேர்க்கும்போது அதை 100 சதவீதம் கறுப்பு மை மட்டும் என்று மாற்றினேன். உள்தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத வெள்ளைத் தாள்). அட்டை மட்டும் வண்ணம். திரையில் மின்னிய ராத்திரி நீலம் மையில் அப்படி வராது, கிரிட்டாவில் அச்சு முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டே வண்ணம் தீட்டியதால் பெரிய வித்தியாசம் இல்லை.

பிழைப்பைப் பற்றியும் கேட்பார்கள். காமிக்ஸ் மட்டும் வரைந்து மதுரையில் வீட்டு வாடகை கட்ட முடியாது. பள்ளி கைடுகளுக்குப் படம், விளம்பரத்துக்கு ஸ்டோரிபோர்டு, கல்யாணத்துக்குக் கேலிச்சித்திரம், அதில் வருவதில்தான் இது. அதனால்தான் உரிமை விஷயத்தில் கறாராக இருக்கச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். பதிப்பகம் நீட்டும் தாளில் இந்த இரண்டு வரியையும் முதலில் தேடிப் படியுங்கள், உலகம் முழுக்க, என்றென்றைக்கும் என்று இருந்தால் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். லேயர் உள்ள கோப்பைக் கொடுக்காதீர்கள், ஒப்பந்தத்தில் கேட்காதவரை தட்டையாக்கின பக்கம் போதும்.

இப்போது மொபைலுக்கான வடிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. 18 செமீ பக்கம் மொபைல் திரையில் ஏழு செமீக்குள் அடங்கிவிடும், 9.5 புள்ளி எழுத்து நாலு புள்ளிக்கும் கீழே போய்விடும், யாராலும் படிக்க முடியாது. அதனால் கட்டங்களைத் தனித்தனியாக வெட்டி 800 பிக்சல் அகலத்தில் மேலிருந்து கீழாக அடுக்குகிறேன். எழுத்து தனிக் கோப்பில் இருப்பதால் படத்தைத் தொடாமல் பலூனை மட்டும் பெரிதாக்கினால் போதும், ஸ்கிரீன்டோன் லேயரை அணைத்துவிட்டு அதே மறைப்பில் வெறும் சாம்பல் நிரப்பினால் திரையில் அலை வருவதில்லை. பூ மார்க்கெட் பக்கங்கள் முடிந்துவிட்டன, மாசி வீதிப் பக்கங்களில் கோபுரம் நெடுக்காக நிற்பதால் அந்தக் கட்டங்கள் இந்த வடிவத்தில் அச்சைவிட நன்றாகவே வருகின்றன.